ஒட்டாத ரத்தம்

மழை விட்டிருந்தது. செவியட் மலைச்சரிவில், தம்பியின் கல்வீட்டு வாசலில் பூட்ஸ் சேற்றைத் தட்டிவிட்டு உள்ளே நுழைந்தான் நினியன் மொஃபட். கணப்புப் புகை, விஸ்கி, துக்கத்துக்கு வந்தவர்களின் ஈரக் கம்பளி நாற்றம்.

பலகையில் தம்பி ராபினின் பிணம். வழக்கப்படி மார்பின்மேல் உப்புத் தட்டு.

மலை விளிம்பிலிருந்து ராபினைத் தள்ளியது நினியன்தான். ஓய்வுநாளில் பிடில் வாசித்துச் சிரித்த பாவியை ஒழிப்பது ஊழியம் என்று பட்டது. சபை மூப்பரான அவன், உலகம் உண்டாகும் முன்பே பரலோகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவன். எந்தப் பாவமும் அவன்மேல் ஒட்டாது.

"தொடுங்க அத்தான்," என்றாள் ராபினின் மனைவி மாரியன். "தொடாம போனா கனவுல வந்து நிப்பாரு. இருந்தப்பவே தூங்க விடாத மனுசன்."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

கொன்றவன் கை பட்டால் பிணம் ரத்தம் கக்கும். ஊருக்கே தெரியும்.

விரல் நெற்றியில் பட்டது.

குளிர்.

வேறொன்றுமில்லை.

கர்த்தரே சாட்சி! நினியனுக்குள் சங்கீதம் பொங்கியது.

அப்போதுதான் மாரியன் குனிந்து கணவன் கன்னத்தைத் தடவினாள்.

அவன் மூக்கிலிருந்து சிவப்பாய் ஒரு கோடு இறங்கியது.

"அடிப் பாவி!" பக்கத்து வீட்டு ஜேனட் அலறினாள். "குடிகாரன் குடிகாரன்னு திட்டி, கடைசியில தள்ளியே விட்டியாடி?"

போதகர் கண்காட்டினார். கயிறு வந்தது. அது எந்தத் தூக்குமரத்தில் முடியும் என்று நினியனுக்குத் தெரியும்.

"விடுங்க! நான்தான் தள்ளினேன்!"

போதகர் அவன் தோளைத் தட்டினார். "துக்கத்துல உளறாதீங்க மூப்பரே. நீங்க தொட்டப்போ ரத்தம் வரலையே. கர்த்தரே உங்களைச் சுத்தம்னு சொல்லிட்டார்."

"இல்லய்யா! இதோ பாருங்க..."

உள்ளங்கையை அந்த மூக்கில் அழுத்தினான். சூடாய் விரலிடுக்கில் வழிந்தது. தூக்கிக் காட்டினான்.

வெள்ளைக் கை.

மறுபடி அழுத்தினான். தேய்த்தான். ஒரு பொட்டுச் சிவப்பில்லை.

"அத்தான், சொல்லுங்க அத்தான்! என்னைக் கொன்னுடுவாங்க!" இழுத்துப் போகப்பட்ட மாரியனின் குரல் சரிவில் இறங்கித் தேய்ந்தது. கூட்டமும் பின்னாலேயே ஓடியது.

வீட்டில் அண்ணனும் தம்பியும் மட்டும்.

நினியன் மண்டியிட்டான். "ராபின்... டேய்... அவ உன் பொண்டாட்டிடா. என் கையில ஒரு சொட்டு ஒட்டட்டும்டா. ஒரே சொட்டு."

உப்புத் தட்டு மெல்ல எழும்பியது.

தாழ்ந்தது.

பிறகு குலுங்கத் தொடங்கியது, சிரிப்பை அடக்க முடியாதவனின் மார்பின்மேல் இருப்பதுபோல்.