பதினோரு பிள்ளை பெற்ற ராணியம்மாள்

டிரிங்... டிரிங்...!

வியாழக்கிழமை காலை, பதினொன்றே முக்கால். வெண்மதி ரிசீவரை எடுத்தாள்.

"மேடம்... சால்வென்ட் ஷெட்டுல..." செக்யூரிட்டி அருள்மொழியின் குரல். "நம்ம சேஃப்டி ஆபீசர் செம்பியன் சார் செத்துக் கெடக்கறாரு மேடம்! மண்டையில அடிச்சிருக்காங்க!"

வெண்மதி ஓடினாள்.

கடலூர் சிப்காட்டில் இருக்கிற நோர்ஸ்டால் கெமிக்கல்ஸ் நார்வே நாட்டுக் கம்பெனி. அதன் ஹெச்.ஆர். பிரிவில் வெண்மதி அசிஸ்டென்ட் மேனேஜர். சித்திரைப்பேட்டை மீனவர் குப்பத்திலிருந்து ஏ.சி. ரூமுக்குள் கால் வைத்த முதல் பெண்!

கெமிக்கல் டிரம்கள் அடுக்கிய ஷெட்டின் வாசலில் செம்பியன் குப்புறக் கிடந்தார். பக்கத்தில் பைப் ரெஞ்ச். அதில் ரத்தம்!

வெண்மதிக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. தொழிலாளி ஒருத்தன் தும்மினால்கூட 'மாஸ்க் எங்கடா'ன்னு ஓடி வருகிற மனுஷன். அவரைப் போய்...!

யார்?

சாயங்காலத்துக்குள் போலீஸ் பதில் வைத்திருந்தது. அந்தப் பதிலைக் கேட்டதும் வெண்மதி ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டாள்.

காத்தவராயன்.

ஆபரேட்டர். அவளுடைய சொந்தத் தாய்மாமன்!

*

"இது அநியாயம் சார்!"

ஸ்டேஷனில் வெண்மதி போட்ட சத்தத்தில் ரைட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இன்ஸ்பெக்டர் பூவரசன் மட்டும் அசரவில்லை.

"ஷெட்டுக் கதவுல உன் மாமன் கார்டுதாம்மா பதிவாயிருக்கு. பதினொன்னு இருவது. போன வாரம் கேன்டீன்ல ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை வேற. ஊரே பார்த்திருக்கு."

"மாஸ்க் போடலன்னு அவுரு திட்டினாரு. இவுரு திருப்பிக் கத்தினாரு. அதுக்காவ கொலை பண்ணுவாங்களா? மாமா இன்னிக்கு வேலைக்கே வரல சார்! எங்க குப்பத்து ராணியம்மாள் கிழவி சாவு வீட்டுல இருந்தாரு!"

"கேட்ல வரலதான். பின்னாடி உப்பனாத்துப் பக்கமா செவுரு ஏறிக் குதிச்சிருக்கான்."

"எங்க குப்பத்துல யாரை வேணா கேளுங்க!"

பூவரசன் சிரித்தார். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிற சிரிப்பு.

"உங்க குப்பத்து யோக்கியத எனக்கும் தெரியுது. இந்தா, பாரு!"

பதினோரு லீவு விண்ணப்பங்கள். பதினோரு கையெழுத்து. எல்லாவற்றிலும் ஒரே வரி... 'இறந்தவர்: ராணியம்மாள். உறவு: தாய்.'

"ஒரு அம்மா! பதினோரு புள்ள! வேற வேற அப்பன் பேரு! இந்தப் பொய்ய எழுதினவங்க சாட்சிய நான் நம்பணுமா?"

வெண்மதி பல்லைக் கடித்தாள்.

சித்திரைப்பேட்டையில் ஒருத்தர் கண்ணை மூடினால், அடக்கம் முடிகிறவரை ஒரு படகும் கடலில் இறங்காது. யாரும் வேலைக்குப் போகமாட்டார்கள். அதுதான் ஊர்க் கட்டுப்பாடு. ஆனால் நார்வேயில் தயாரான ஃபாரத்தில் 'ஊர்' என்று ஒரு கட்டம் இல்லையே! அம்மா, அப்பா, மனைவி, குழந்தை... இந்த நாலு பேர் செத்தால்தான் லீவு. பக்கத்து வீட்டுக் கிழவி செத்தால் அங்கே யாருக்கும் துக்கம் கிடையாது போலிருக்கிறது!

அதனால்தான் பதினோரு பேரும் ராணியம்மாளை அம்மா ஆக்கிவிட்டார்கள்.

கம்பிக்குப் பின்னால் காத்தவராயன் உட்கார்ந்திருந்தார். முகத்தில் அடி விழுந்த தடம்!

"மாமா... உண்மைய சொல்லு. நீ அங்க போனியா?"

"தூக்கத்துலகூட போவல தாயி. புதன்கிழமை பொழுது சாஞ்சு கம்பெனி லேண்ட்லைன்லேருந்து போன் வந்துச்சு. 'உனக்கு மட்டும் லீவு இல்ல, காலையில வந்தே ஆவணும்'னு. யாருன்னு வெளங்கல. ஒப்பாரி சத்தம். 'சரி சார்'னு வச்சுட்டேன். பொணம் கெடக்கும்போது எப்படிமா எந்திரிச்சுப் போறது? நீ வேணா போவ. நான் போவ முடியுமா?"

சுருக்கென்றது.

ஆமாம். அன்றைக்குக் குப்பத்திலிருந்து வேலைக்குப் போன ஒரே ஆள் அவள்தான். லீவு கேட்கப் பயந்து போனவள்!

தன் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

*

மறுநாள் காலை பத்து மணி. சிதம்பரம், தெற்கு வீதி.

ஹெச்.ஆர். தலைவர் தட்சிணாமூர்த்தியின் வீடு. வெள்ளைக்கார மேனேஜர்கள் யார் வந்து இறங்கினாலும், 'தமிழ்நாட்டு மக்களைப் புரிந்துகொள்வது எப்படி' என்று மூன்று நாள் வகுப்பெடுக்கிற மேதாவி!

"வாம்மா வெண்மதி. உன் மாமன் விஷயம் கேள்விப்பட்டேன். ச்சே!"

"சார், நேத்திக்கு பதினோரு பேர் லீவு கேட்டிருந்தாங்க. பத்துப் பேருக்கு ஓ.கே. ஆயிருக்கு. மாமாவுக்கு மட்டும் ரிஜெக்ட்! ஏன் சார்?"

"அது பிளான்ட் ஹெட் ஹென்ரிக் முடிவும்மா. கம்ப்யூட்டர்லயே அவன் பேர்தானே இருக்கு? நார்வேக்காரனுக்கு நம்ம சாவு, கருமாதி எல்லாம் என்ன தெரியும்?"

"ரிஜெக்ட் பண்ண ஆளுதான் சார் கொலைகாரன்."

தட்சிணாமூர்த்தியின் காபி டம்ளர் பாதியில் நின்றது.

"எ... எப்படிச் சொல்ற?"

"பழி போட ஒரு ஆளு வேணும். செம்பியன் சாரோட சண்டை போட்ட ஆளா இருக்கணும். அந்த ஆளு அன்னிக்கு கம்பெனிக்குள்ளயும் இருக்கணும். அதான் மாமாவுக்கு லீவு இல்ல. டூப்ளிகேட் கார்டு அடிச்சு, ஷெட்டைத் தொறந்து, கதைய முடிச்சுட்டான். ஆனா மாமா வரவே இல்ல சார்!"

"வரலைன்னு யாரு சொன்னது?"

வெண்மதி செல்போனை நீட்டினாள்.

"ராணியம்மாள் மவன் சேரன் சிங்கப்பூர்ல இருக்கான். ஃப்ளைட் கெடைக்கல. அடக்கத்த வீடியோ கால்ல பார்த்து ரெக்கார்ட் பண்ணியிருக்கான். பதினொன்னு இருவதுக்கு மாமா பாடைக்குத் தோள் குடுத்துக்கினு போறாரு. பாருங்க!"

தட்சிணாமூர்த்தி பார்த்தார். முகம் வெளுத்தது.

"இருக்காதே! வரேன்னுதானே... போன்ல என்கிட்ட சரின்னானே!"

வெண்மதி செல்போனை உள்ளே வைத்தாள்.

"உங்ககிட்டயா சார்?" வெண்மதி நிதானமாகக் கேட்டாள். "போன் வந்துச்சுன்னு நான் சொல்லவே இல்லியே!"

"அது... வந்து..."

"லீவு இல்லன்னு சொன்னா சாவு வீட்டை வுட்டுட்டு ஓடியாருவாங்கன்னு நெனைச்சீங்களா? த்தூ! எங்கள வெள்ளைக்காரனுக்கு வெளக்கிச் சொல்றதுக்குத்தானே சார் உங்களுக்கு வேலையே குடுத்தாங்க?"

அவ்வளவுதான்! தட்சிணாமூர்த்தியின் மரியாதை வேஷம் கழன்று விழுந்தது.

"வாய மூடுடி! ரெண்டு வருஷமா தமிழ்ல சேஃப்டி கிளாஸ் நடத்தினதா நூத்தியெண்பது கள்ளக் கையெழுத்து போட்டு அனுப்பினேன். அவார்டு குடுத்தாங்க! அடுத்த மாசம் ஆஸ்லோ ஹெட் ஆபீஸ்ல போஸ்டிங்! ஒரு கிளாஸ்கூட நடக்கலன்னு செம்பியன் மெயில் அடிச்சு வச்சிருந்தான். அனுப்ப வுட்டுடுவேனா?"

அவர் வெண்மதியின் கழுத்தை நோக்கிப் பாய்ந்தார்!

"போதும் சார்!"

வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு இன்ஸ்பெக்டர் பூவரசன். பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். அவர்களுக்கும் பின்னால்... ஆறரை அடி உயரத்தில் ஹென்ரிக்!

தட்சிணாமூர்த்தி நீட்டிய கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தார்.

நடந்தது இதுதான். காலை ஏழு மணிக்கே வெண்மதி ஹென்ரிக்கின் கெஸ்ட் ஹவுசுக்குப் போய், 'கொலைகாரா' என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கத்தித் தீர்த்திருந்தாள். அந்த மனுஷன் விமான டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். லீவு ரிஜெக்ட் ஆன புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு அவர் நடுவானில்! அவருடைய பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆள் தட்சிணாமூர்த்தி. வெண்மதி அங்கிருந்து நேராகப் போனது போலீஸ் ஸ்டேஷனுக்கு. வீடியோவைக் காட்டி, பூவரசனை இந்த வாசலில் நிறுத்தியதும் அவள்தான்.

"மிஸ்டர் ஹென்ரிக்... ஒரே அம்மாவுக்குப் பதினோரு பிள்ளைன்னு பொய் எழுதினவங்க சார் இவங்க..." தட்சிணாமூர்த்தி ஆங்கிலத்தில் உளறினார்.

ஹென்ரிக் அவரை அருவருப்போடு பார்த்தார்.

"ஃப்ளைட் ஏறுவதற்கு முன்பே பதினோரு பேருக்கும் நான்தான் லீவு கொடுத்தேன். உறவு என்னன்னு நான் கேட்கவே இல்லை. என் அப்பா மீன் பிடிக்கிறவர். எங்கள் தீவில் யார் இறந்தாலும் அன்றைக்கு அவர் படகைத் தொடமாட்டார். இந்த மக்களைப் பற்றி நீ எனக்கு வகுப்பெடுத்தாய்!"

விலங்கு மாட்டும் சத்தம் கேட்டது.

"இன்ஸ்பெக்டர்! ஆஸ்லோ போக வேண்டிய ஆளு சார் நானு!" தட்சிணாமூர்த்தி கதறினார்.

பூவரசன் அவர் தோளைத் தட்டினார்.

"கவலைப்படாதீங்க சார். நம்ம கடலூர் சென்ட்ரல் ஜெயில் இருக்கறது கேப்பர் மலையில. வெள்ளைக்காரன் பேரு வச்ச எடம்தான்... ஃபாரின் போன மாதிரியேதான் இருக்கும்!"