எந்தப் பரவாயில்லை?

காலையில் பல் துலக்கியதும் வஞ்சிக்கொடி செய்கிற முதல் வேலை, கூடத்துச் சுவரில் பதித்த செவிப்பலகையின் முன்னால் உட்கார்ந்து கருத்துச் சொல்வது. அன்றைக்கும் உட்கார்ந்தாள். உட்காரும்போதே அலுப்பாக இருந்தது.

“அரிசி வேகும்போது தாலாட்டுப் பாடும் குக்கர் மென்பொருள்,” என்றது பலகை.

“சோறு தூங்கிரும். வேண்டாம்.”

“பார்ப்பவர் அழத் தொடங்கினால் முடிவை மாற்றிக்கொள்ளும் திரைப்படம்.”

“அழுகத்தானே போறோம்? பாதியில நிறுத்தினா, வந்த தும்மல் நின்ன மாதிரி இருக்கும். வேண்டாம்.”

“மழை வருமுன் சீட்டியடிக்கும் குடை.”

பலகை அடித்துக் காட்டிய சீட்டி சுருதி சேராமல்தான் இருந்தது. ஆனாலும் ஒரு குடை வானத்தைப் பார்த்துச் சீட்டியடிக்கிறது என்பதில் ஏதோ இருந்தது. “பரவாயில்லை,” என்றாள்.

“கருத்து தெளிவாக இல்லை. வேண்டுமா, வேண்டாமா?”

“சரி, வேண்டாம்னே போட்டுக்கோ.”

அவ்வளவுதான். கோயம்புத்தூரிலும் அதற்கப்பாலும் லட்சக்கணக்கான வீடுகளில் அந்தக் குடையின் மேல் ஒருவருக்கும் ஆசை எழாது.

இதற்கு ரசனைக் குத்தகை என்று பெயர். முன்பு வஞ்சிக்கொடி மென்பொருள் எழுதுகிறவளாக இருந்தாள். ஓய்ந்த வேளையில், கைக்கு வந்த செயலி, பார்த்த படம், சந்தையில் கண்ட விநோதப் பொருள் எல்லாவற்றைப் பற்றியும் நறுக்கென்று நாலு வரி எழுதுவாள். படித்தவர்கள் மல்லுக்கு வருவார்கள். ‘உங்களுக்கு நாக்கே இல்லையா அம்மா?’ என்று ஒருவன் கேட்டதை நினைத்து வாரம் முழுக்கச் சிரித்திருக்கிறாள். பிறகு பொழுது விடிந்தால் ஆயிரம் புதுச்சரக்கு என்றாகி, எதைத் தேர்ந்தெடுப்பது என்றே ஜனங்களுக்குத் தலைசுற்றியபோது, இசைவி வந்தது. அரிசி மணியளவு கருவி. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, யாருடைய ரசனை வேண்டுமோ அதைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அவருக்குப் பிடித்தது உங்களுக்கும் பிடிக்கும். நடிப்பு இல்லை, நாக்குக்கும் கண்ணுக்கும் நிஜமாகவே பிடிக்கும்.

ஊரில் முக்கால்வாசிப் பேர் எடுத்தது வஞ்சிக்கொடியின் ரசனையை. அதோடு மல்லுக்கு வருவது நின்றுபோயிற்று. கல்யாணப் பந்தியில் எல்லோரும் ஒரே இனிப்பை ஒதுக்கினார்கள். கீரைக்காரம்மா அவளுடைய வாக்கியத்தையே அவளிடம் திருப்பிச் சொன்னாள். தெருவில் சிரிப்புச் சத்தம் குறைந்துகொண்டு வந்ததை வஞ்சிக்கொடி கவனித்தாள். வெயில் காரணம் என்று நினைத்துக்கொண்டாள்.

மிச்சமிருந்தது அவள் புருஷன் சென்னியப்பன் மட்டுமே. மோட்டார் பம்பு கடை வைத்திருந்து ஓய்ந்த மனிதர். அவருக்கு உலகத்தில் எல்லாமே ‘பரவாயில்லை’. இழுத்துச் சொன்னால், பிடிக்கவில்லை, ஆனால் நீ செய்ததாயிற்றே என்று அர்த்தம். கையை வீசிச் சொன்னால் கோபமில்லை, விடு. தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு சுருக்கமாகச் சொன்னால், உயிரையே வைத்துவிட்டார் என்று அர்த்தம். வஞ்சிக்கொடிக்கு ஒவ்வொன்றும் அத்துபடி. அவள் குப்பை என்று சொன்ன படத்தை அவர் தனியாக உட்கார்ந்து பார்த்துச் சிரிக்கிற சத்தம் உள்ளறையிலிருந்து கேட்டால், அவளுக்கு எரிச்சலாகவும் இருக்கும், ஆறுதலாகவும் இருக்கும்.

இப்போது அந்த மனிதர், பொருட்காட்சியில் ஆசையாக வாங்கிய கரகாட்டப் பொம்மைக் கடிகாரத்தைக் குப்பைக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க மாமா, அதை எதுக்குப் போடறீங்க?”

“மணிக்கு மணி அதே ஆட்டம். ஆடற பொம்மைக்கே அலுத்துருக்கும்.”

வஞ்சிக்கொடிக்குத் திக்கென்றது. முந்தின நாள் அவள் பலகையிடம் சொன்ன வாக்கியம், ஒரு சொல் பிசகாமல்.

“எனக்குத்தான் அது ஆகாது. உங்களுக்குப் பிடிக்குமுல்ல?”

“எனக்கா? வேண்டாம் அம்மிணி.”

வேண்டாம்! கல்யாணமான நாள் முதல் அவர் வாயில் வராத சொல். அவள் ஒரு சந்தேகத்தோடு அடுப்படிக்குப் போனாள். காபி கலந்தாள், சர்க்கரைக்குப் பதிலாக உப்பை அள்ளிப் போட்டாள். ஒரு வாய் குடித்துவிட்டு, பலகைக்கு நன்றாகக் கேட்கும்படி, “உப்புக் காபி, வேண்டும். பிரமாதம்!” என்றாள். பதிவானதற்கு மணியடித்தது. ஊரெல்லாம் உப்புச் சாடி திறக்கட்டும், தொலையட்டும்.

சென்னியப்பன் டம்ளரை வாங்கிக் குடித்தார். முகம் மலர்ந்தது. “அட! இத்தனை நாளா ஏன் இப்படிப் போடல?”

அவள் கிட்டே போய் அவர் காதை மடக்கிப் பார்த்தாள். பின்னால் இசைவி ஒட்டிக்கொண்டிருந்தது.

“இது காது மெசினுன்னு சொன்னீங்க?”

“காதும் கேக்குது,” என்றார் அவர்.

“என்ற ரசனையவா குத்தகைக்கு எடுத்தீங்க? வூட்டுலயே சும்மா கெடக்கறதை?”

“சும்மா எங்க கெடந்துது? ஊருக்கெல்லாம் குடுத்தே, என்னைய மட்டும் வைஞ்சே.” அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “எத்தனை படம் தனியாவே பாக்கறது, சொல்லு? உன்ற பக்கத்துல உக்காந்து, நீ சிரிக்கற எடத்துல நானும் சிரிக்கோணும்னு ஒரு நெனப்பு.”

“நான் எங்க மாமா சிரிச்சேன்?”

“அதான் எனக்கும் அப்புறந்தான் தெரிஞ்சுது. உன்ற ரசனைக்குள்ள வந்து பாத்தா ஒண்ணுமே இல்ல. எதைப் பாத்தாலும் வேண்டாம், எதைத் தின்னாலும் வேண்டாம். இத்தனை அலுப்பா அம்மிணி உனக்கு? எப்படி இத்தனை வருசம் தூக்கிட்டுத் திரிஞ்சே?”

அவளிடம் இதுவரை யாரும் கேட்காத கேள்வி. கீரைக்காரம்மாவின் செத்த குரலும், பந்தியில் ஒதுங்கிக் கிடந்த இனிப்பும், சிரிப்பில்லாத தெருவும் ஒன்றாக நினைவில் எழுந்தன. அத்தனை பேரும் குத்தகைக்கு எடுத்தது அவள் ரசனையை அல்ல.

“கழட்டுங்க அதை.”

“கழட்டிட்டா மறுக்காத் தனியாத்தான்...”

“கழட்டுங்க மாமா. உங்களுக்குன்னு ஒரு பரவாயில்லை இருந்துதே, அது எனக்கு வேணும்.”

அவர் நகத்தால் நெம்பி அதை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு பொட்டுக்கு மேல் இல்லை. தலையை இரண்டு தரம் உலுக்கிக்கொண்டார்.

“இப்பக் குடிங்க.”

அவர் உப்புக் காபியை ஒரு வாய் குடித்தார். துப்பிவிடுவார் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். துப்பட்டும், வையட்டும், பைத்தியக்காரி என்று சொல்லட்டும். அவர் மெதுவாக விழுங்கினார்.

“பரவாயில்லை,” என்றார்.

இழுக்கவில்லை. கையை வீசவில்லை. தலையும் அசையவில்லை.

“எந்தப் பரவாயில்லை மாமா?”

அவர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். “தெரியலியே அம்மிணி.”

அவள் டம்ளரை வாங்கி மிச்சத்தைத் தானே குடித்தாள். வாயெல்லாம் கரித்தது.

அப்போது கூடைக்குள்ளிருந்து கிணுகிணுவென்று சத்தம் வந்தது. மணியாகிவிட்டது போலும். காய்கறித் தோலுக்கும் காகிதத்துக்கும் நடுவே, தலையில் குடத்தோடு பொம்மை சாய்ந்தபடியே ஆடிற்று.

“கரகாட்டப் பொம்மைக் கடிகாரம், மறுகருத்து,” என்றது செவிப்பலகை. “வேண்டுமா, வேண்டாமா?”

வஞ்சிக்கொடி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஒரு மூச்சுக்கூடப் பலகைக்குக் கேட்டு ஊருக்குக் கருத்தாகிவிடக் கூடாது.

சென்னியப்பன் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலை, மிகவும் கொஞ்சமாக, ஒரு பக்கம் சாய்ந்தது.