மீதித் துண்டு

அன்று காலை சுத்த அறையின் வாசலில் இருந்தவர்கள்:

ஆய்வகத் தலைவர். தோல் துண்டிலிருந்து செல்களைக் கையால் பிரித்தெடுத்தே பேர் வாங்கியவர்.

எந்திரக்காரர். அதே வேலையைத் தானாகச் செய்யும் எந்திரத்தைக் கட்டியவர்.

அக்கா. தலைவரிடம் கைவேலை கற்றவர். எந்திரம் வந்த நாளிலிருந்து அதைத் திட்டுவதை நிறுத்தாதவர்.

குழந்தையின் அப்பா. அவருடைய ஏழு வயது மகள் தீக்காய வார்டில் குப்புறக் கிடந்தாள். முதுகில் தோல் இல்லை.

இன்ஸ்பெக்டர். அப்பாவின் புகாருக்கு வந்த பெண்மணி. யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். குழந்தையின் தொடையிலிருந்து தபால்தலை அளவுக்குத் தோல் எடுத்தார்கள். அதில் பாதி முந்தின நாள் எந்திரத்துக்குள் போனது. எந்திரம் அதைக் கழுவும், நறுக்கும், ஒரு பையிலிருந்து நொதி ஊற்றிக் கரைக்கும், வடிகட்டிச் செல்களை மட்டும் தனியாகத் தரும். மூடிய பெட்டி. நடுவில் ஒரு விரல் படாது. கிடைக்கும் செல்களை வளர்த்துத்தான் குழந்தைக்கு முதுகு போர்த்த வேண்டும்.

காலையில் அக்கா வளர்ப்புத் தட்டை எடுத்துப் பார்த்தார். கஞ்சித் தண்ணீர்போல் கலங்கியிருந்தது. நுண்ணோக்கியில் தோல் செல்களைவிட ஈஸ்ட்தான் அதிகம். ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் அதே ஈஸ்ட். கழுவும் திரவத்தில் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து உண்டு. ஈஸ்ட் அதற்குச் சாகாது.

இன்ஸ்பெக்டர் காலி நொதிப் பையில் தண்ணீர் நிரப்பி அழுத்தினார். மூலையிலிருந்து மயிரிழை போல ஒரு தாரை அவர் சட்டையில் அடித்தது.

"ஊசிக் குத்து. இது வழியாத்தான் ஈஸ்ட்டை ஏத்தியிருக்காங்க," என்றார். "உள்ள வரக்கூடிய அட்டை உங்க மூணு பேர்கிட்டதான் இருக்கு. யாரு?"

"இவங்களைக் கேளுங்க," என்றார் எந்திரக்காரர், அக்காவைக் காட்டி. "எந்திரத்துக்குத் தினம் சாபம் விடுறது இவங்கதான்."

"ஆமா, விட்டேன். இன்னும் விடுவேன். ஆனா மெஷினைப் பிடிக்கலைன்னா மெஷினைத்தான் உடைப்பேன். பச்சைப் புள்ளை தோல்ல கை வைக்க மாட்டேன்."

"பேச்சு நல்லாத்தான் இருக்கு."

"உன் மூஞ்சியை விட நல்லாத்தான் இருக்கும்."

தலைவர் கையை உயர்த்தினார். "சண்டை அப்புறம். மீதிப் பாதி இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் உயிரோட இருக்கும். எதுக்கும் இருக்கட்டும்னு நான்தான் எடுத்து வச்சேன். இனிமே அந்தப் பெட்டியை நம்ப வேண்டாம். நானே கையால பண்றேன்."

"கையால பண்ணா பாதி செல்கூடத் தேறாது சார்," என்றார் எந்திரக்காரர். "முதுகு முழுக்கப் போர்த்த முடியாது."

அப்பா எழுந்து நின்றார். "எதுலயாவது பண்ணுங்க. சீக்கிரம் பண்ணுங்க."

இன்ஸ்பெக்டர் அவரைப் பார்க்காமல் கேட்டார். "நேத்து அந்தப் பையை எந்திரத்துல மாட்டினது யாரு?"

"நான்தான்," என்றார் எந்திரக்காரர். "சுவர் அலமாரில இருந்துச்சு. எடுத்து மாட்டினேன்."

சுவர் அலமாரிக்கு இரண்டு கதவுகள். வெளியிலிருந்து ஒருவர் வைப்பார், உள்ளிருந்து ஒருவர் எடுப்பார்.

"வெளியில இருந்து வச்சது?"

"எப்பவும் நான்தான் வைப்பேன்," என்றார் அக்கா. "நேத்து நான் போறப்போ ஏற்கெனவே இருந்துச்சு. இவன் எடுத்து வச்சிட்டான்னு நினைச்சேன்."

"நான் இவங்க வச்சதுன்னு நினைச்சேன்."

"கையில எடுத்தப்போ ஒண்ணும் தோணலையா?"

"ரெண்டு கையுறை போட்டிருந்தேன் மேடம். சொல்லப்போனா நேத்துதான் எந்திரம் நல்லா ஓடுச்சு. வழக்கத்தை விடச் சீக்கிரமா முடிச்சிடுச்சு."

அக்கா மூக்கால் சிரித்தார். "பெருமையைப் பாரு."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மூவரையும் தனித்தனியாகப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார். இப்போது எந்திரத்துக்கு நொதிப் பை கொடுக்க வேண்டுமானால் என்ன செய்வீர்கள்?

எந்திரக்காரர்: "ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து மாட்டுவேன்."

அக்கா: "ஜில்லுனு அப்படியே குடுக்கணும். ஒரு வாரம் பயிற்சின்னு என்னை உக்கார வச்சு இதையேதான் அந்த எந்திரக்காரன் ஓதினான்."

தலைவர்: "முதல்ல வெந்நீர்த் தொட்டியில போட்டு உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவரணும். இது ஒரு கேள்வியா?"

இன்ஸ்பெக்டர் எல்லாரையும் வாசலுக்கு வரவழைத்தார்.

"எந்திரம் ஏன் சீக்கிரம் முடிச்சுது?" என்று எந்திரக்காரரைக் கேட்டார்.

"அது..." அவர் முகம் மாறியது. "பையை அதுவே சூடாக்கும். சூடு ஏறுற வரைக்கும் காத்திருக்கும். காத்திருக்கலைன்னா பை ஏற்கெனவே சூடா இருந்திருக்கணும்."

"எந்திரம் தெரிஞ்ச யாரும் பையைச் சூடாக்க மாட்டாங்க. நீங்க மாட்டீங்க. இவங்களும் மாட்டாங்க. கையால மட்டுமே பண்ணின ஒருத்தர்தான் ஜில்லுனு வச்சா சந்தேகம் வரும்னு நினைப்பாரு." அவர் தலைவரைத் திரும்பிப் பார்த்தார். "எந்திரத்தை வாங்க நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க. அது எப்படி ஓடுதுன்னு ஒரு நாளும் வந்து பாக்கலை."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பாதியைத்தான் கெடுத்தேன்," என்றார் கடைசியில். "மீதியை நான் காப்பாத்தியிருப்பேன். என் கையால."

"அது போதாதுன்னு தெரியும்ல?" என்றார் அக்கா. குரலில் மரியாதை இல்லை. "எனக்கே தெரியும். உங்ககிட்டதானே கத்துக்கிட்டேன்."

அப்பா தலைவருக்குக் கிட்டே வந்தார். அடிப்பார் என்று இன்ஸ்பெக்டரோடு வந்திருந்த கான்ஸ்டபிள் நடுவில் பாய்ந்தார். அவர் அடிக்கவில்லை.

"நேத்து உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டேன்," என்றார். அவ்வளவுதான்.

கான்ஸ்டபிள் தலைவரை அழைத்துப் போனார். இன்ஸ்பெக்டர் அக்காவிடம் திரும்பினார்.

"மீதித் துண்டை எந்திரத்துல நீங்க போடுங்க."

"நானா? அந்தச் சனியனை எனக்குப் பிடிக்காது."

"தெரியும். அதனாலதான் கண்ணை எடுக்காம பாத்துப்பீங்க."

அக்கா ஃப்ரிட்ஜிலிருந்து புதுப் பை ஒன்றை எடுத்தார். நான்கு மூலையையும் அழுத்திப் பார்த்தார். கையுறை போடும் முன் வெறும் உள்ளங்கையில் ஒரு கணம் வைத்துக்கொண்டார். ஐஸ்போல் இருந்தது.

"நானும் வரட்டுமாக்கா?" என்றார் எந்திரக்காரர்.

"உன் மூஞ்சியைப் பாத்தா கை நடுங்கும். வெளிய நில்லு."

அக்கா உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து பூட்டு விழுந்தது.