சவுடுக்குக் கீழே

ஜாஸ்மினின் வாயெல்லாம் மண். கைகள் மட்டும் சோப்புப் போட்டுக் கழுவியது மாதிரி சுத்தமாக இருந்தன.

ஷீலா அதைக் கவனித்தாள்தான். கவனித்ததை உட்கார்ந்து யோசிக்க அவளிடம் பொறுமை மிச்சமில்லை. மூன்று வயதுப் பிள்ளையின் ரத்தத்தில் ஈயம் ஏறிக்கொண்டே போகிறது. எங்கிருந்து வருகிறது என்று சீக்கிரம் கண்டுபிடியுங்கள், மூளையைத் தொட்டுவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் எச்சரித்துவிட்டார். சுவர்ப் பெயின்ட்டைச் சுரண்டிச் சோதனைக்குக் கொடுத்தாள், குற்றமில்லை. தண்ணீரைக் கொடுத்தாள், குற்றமில்லை. முடிச்சூரில் அவர்கள் ஆசையாக வாங்கிய இந்த வீட்டின் கொல்லை மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு குரோம்பேட்டையில் உள்ள பரிசோதனைக் கூடத்துக்கு நடையாய் நடந்தாள். அதிலும் ஈயம் இல்லையாம்! பிள்ளையின் ஈறில் ஈய விஷத்தின் நீலக்கோடு விழுந்து கிடக்கிறது, மண் சுத்தமாம்.

"மேடம், நீங்க எடுத்துட்டு வர்றது உங்க மண்ணே இல்ல," என்றான் பரிசோதனைக் கூடத்து ஊழியன் உமேஷ், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல். "வெள்ளத்துக்கு அப்புறம் அங்க எல்லாரும் சவுடு கொட்டி மனையை உசத்திட்டாங்க. இது லாரியில வந்த மண்ணு. அதுக்குக் கீழ பழைய தரை இருக்கும் பாருங்க, அதைக் கொண்டாங்க."

"இதை முதல் தடவையே சொல்லியிருக்கலாமே சார்!"

"நீங்க கேக்கலையே மேடம்."

பற்றிக்கொண்டு வந்தது ஷீலாவுக்கு. வீட்டுக்கு வந்ததும் ஜாஸ்மினை டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தாள். கணவன் டேனியலிடம் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பான். அவனுடைய ஞாயிற்றுக்கிழமை எந்த வாரமும் வந்ததில்லை. கொல்லையில் எந்த வெயிலிலும் காயாத ஈரத்திட்டு ஒன்று இருந்தது. கண் அசந்தால் ஜாஸ்மின் போய் உட்காருவது அங்கேதான். அங்கேயே தோண்டினாள்.

"இன்னா ஷீலா, கெணறா வெட்டினு கீற?" மதில் மேல் எட்டிப் பார்த்தாள் பக்கத்து வீட்டு லோகநாயகி.

ஷீலா விஷயத்தைச் சொன்னதும் அவள் குரல் இறங்கிப்போனது.

"இங்க மின்ன ஒரு கொட்டாய் இருந்துச்சும்மா. பழைய பேட்டரிய ஒடச்சி ஈயம் உருக்குவாங்க. அதுல ஒரு பொம்பள வேல செஞ்சினு இருந்தா. கையக்கூட கழுவாம, அதே கையால அவ புள்ளைக்குச் சோறு ஊட்டுவா. புள்ள பூடுச்சி. அப்பால கூட சோத்த உருட்டி உருட்டி வெச்சினு அங்கியே குந்தினு இருப்பா. வெள்ளம் வந்துச்சி, ஆளக் காணோம். யாரும் தேடல. லாரி லாரியா மண்ணக் கொட்டி மூடிட்டாங்க."

"எங்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையாக்கா உங்களுக்கு?"

லோகநாயகியின் தலை மதிலுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. ஊருக்கே தெரிந்திருக்கிறது. ஷீலாவுக்குத்தான் தெரியவில்லை. அழுகை வர வேண்டிய இடத்தில் ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரம் அத்தனையும் கடப்பாரையில் இறங்கியது.

வானம் மூடிக்கொண்டு மழைக்கு முந்தைய புழுக்கம் கழுத்தில் வழிய, சிவப்புச் சவுடு முடிந்து சாம்பல் நிறத்தில் பழைய தரை தலைகாட்டியபோது, பேட்டரித் தண்ணீரின் புளித்த நெடியும் உடைந்த கறுப்புப் பிளாஸ்டிக் சில்லுகளும், அவற்றுக்கு நடுவே, சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், பொங்கிப் பழசாகிப்போன சோற்றின் வாடையும் சேர்ந்து மேலே வந்தன. மண் வெதுவெதுப்பாக இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பை நிறைய அள்ளினாள். இனி எவன் இல்லை என்று சொல்வான், பார்த்துவிடலாம்!

குழியை அப்படியே விட்டுவிட்டுக் குளியலறைக்கு ஓடினாள். பிள்ளையைத் தொடுவதற்கு முன் கை கழுவ வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. நகக்கண் வரை தேய்த்தாள். சாம்பல் போகவில்லை. மறுபடி தேய்த்தாள்.

கரண்ட் போனது. டிவி அடங்கியது.

அந்த அமைதியில் ஒரு சத்தம். நறநறவென்று. பொடிக்கல்லை மெல்லும் சத்தம்.

"ஜாஸ்மின்?"

கூடத்தில் பிள்ளை இல்லை. கொல்லைக் கதவு திறந்திருந்தது.

குழி விளிம்பில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள் ஜாஸ்மின். பக்கத்தில் சாம்பல் நிற மண் உருண்டைகள். பிள்ளையின் வாய்க்குத் தோதாக, அளவாக உருட்டியவை. ஒவ்வொன்றிலும் விரல் பதிந்திருந்தது. நீளமான விரல்கள்.

"துப்பு! துப்புடி!"

ஜாஸ்மின் திரும்பினாள். கன்னம் உப்பியிருந்தது. கைகள் மடியில் கிடந்தன. சுத்தமாக.

"அந்த அம்மா ஊட்டுறாங்கம்மா," என்றாள்.

ஷீலாவின் கால் நகரவில்லை. பிள்ளையை இழுக்க வேண்டும். இரண்டு எட்டுதான். நகரவில்லை.

குழிக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. சாம்பல் கை. முழங்கை வரை. விளிம்பிலிருந்து ஓர் உருண்டையை எடுத்தது. ஜாஸ்மின் வாயைத் திறந்தாள், பழகிய பிள்ளையாக. கை ஊட்டியது. உதட்டோரம் ஒட்டியதைக் கட்டைவிரலால் துடைத்தது. ஷீலா துடைப்பது மாதிரியே, பதமாக.

பிறகு மண்ணை அள்ளியது. நிதானமாக உருட்டியது. இந்த உருண்டை பெரியது.

கை திரும்பியது. ஜாஸ்மினின் தலைக்கு மேலாக நீண்டது. நீண்டுகொண்டே வந்தது.

அலறுவதற்காகத்தான் ஷீலா வாயைத் திறந்தாள்.