ஸ்டிக்கருக்கு அடியில்

"என் பொண்ணு ஏமாத்துக்காரி இல்ல மேடம்!" என்று சொல்லிக்கொண்டேதான் லிசி டீச்சர் தென்னூர் அலுவலகத்துக்குள் நுழைந்தார். அதற்குள் உதவியாளன் ராசப்பன் செருப்பை மாட்டிவிட்டான். சும்மா உட்காரவே தெரியாத ஜென்மம் அவன். துப்பறியும் தேவதர்ஷினி மட்டும் நிதானமாக, "உட்கார்ந்து சொல்லுங்க" என்றார்.

விஷயம் இதுதான். இன்று சாஃப்ட்பால் இறுதிப் போட்டி. நேற்று எல்லா பேட்டையும் கருவியில் வைத்து, அளவுக்கு மீறி நெளிகிறதா என்று அமுக்கிப் பார்த்து, தேறியவற்றில் நடுவர் ஸ்டிக்கர் ஒட்டினார். இன்று காலை பெயர் சொல்லாத ஒரு புகார். லிசியின் மகள் ஆஷ்லியின் பேட்டை மறுபடி அமுக்கினால், தேறவில்லை! உள்ளே சுரண்டி மெலிதாக்கிய பேட். அதில் பட்ட பந்து எகிறினால், வீசிய பெண்ணின் தாடை பெயர்ந்துவிடும். மதியத்துக்குள் உண்மை தெரியாவிட்டால் ஆஷ்லிக்குத் தடை. மாநில அணியும் போச்சு.

"ராத்திரி பேட் எல்லாம் எங்க இருந்துச்சு?"

"ஸ்ரீரங்கத்துல, மேனேஜர் சௌரிராஜன் சார் வீட்டுல. தங்கமான மனுஷர். அவர் பொண்ணும் மாற்று ஆட்டக்காரியா டீம்ல இருக்கா."

"எதிர் டீம் வேலைதான் மேடம்!" என்று வழியெல்லாம் துடித்தான் ராசப்பன்.

மைதானத்தில் சௌரிராஜன் ஓடிவந்து வரவேற்றார். அவர் ஸ்கூட்டரில் நாமம், தண்ணீர் கேனில் நாமம், விசிலிலும் நாமம்.

"விசிலுக்குக்கூடவா சார்?" ராசப்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"புதுசா எது வாங்கினாலும் திருமண் சாத்திட்டுத்தான் தொடுவேன்."

தேவதர்ஷினி பேட்களை வரிசையாக வைத்தார். எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் கைப்பிடிக்குச் சற்று மேலே. ஆஷ்லியுடையதில் மட்டும் தடித்த பகுதியின் நடுவில், ஓரம் கசங்கி.

"நீங்க எங்க ஒட்டுவீங்க சார்?"

"பிடிக்கு மேலதான். எல்லாத்துலயும்" என்றார் நடுவர்.

தேவதர்ஷினி எல்லாரையும் கூப்பிட்டு, அவர்கள் எதிரிலேயே ஸ்டிக்கரை உரித்தார். அடியில் வெள்ளைக் கோடுகள், நடுவே சிவப்பு.

"ஸ்டிக்கர் நிஜம், பேட்தான் வேற. அதே மாதிரி இன்னொண்ணைச் சுரண்டி, ஆஷ்லி பேட்ல இருந்த ஸ்டிக்கரை இதுல ஒட்டியிருக்காங்க. இந்த அடையாளத்தை மறைக்க வேண்டியிருந்துச்சு, அதான் ஸ்டிக்கர் இடம் மாறிடுச்சு."

"தொடச்சிருக்கலாமே மேடம்?" என்றான் ராசப்பன்.

"தொடைக்க மனசு வராத ஆளா இருந்தா?" தேவதர்ஷினி ஈரத்துணியைச் சௌரிராஜனிடம் நீட்டினார். "நீங்க தொடைங்க சார்."

துணியை வாங்கிய கை அந்தக் கோடுகளுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"வேண்டாம்மா. பெருமாளோட அடையாளம், என் கையால அழிக்க மாட்டேன்." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஆஷ்லி போனா என் பொண்ணுக்கு எடம் கிடைக்கும்னு நெனச்சேன்."

ஸ்கூட்டர் பெட்டிக்குள் ஆஷ்லியின் பேட் கிடந்தது. கருவியில் வைத்தார்கள், தேறியது. ஆஷ்லி அதை வாங்கிக்கொண்டு களத்துக்கு ஓடினாள்.

லிசி டீச்சர் நகரவில்லை.

"அந்த நாமத்தை அழிக்க உங்களுக்கு மனசு வரல. என் பொண்ணு பேரைக் கெடுக்க மட்டும் எப்படி சார் வந்துச்சு?"