வைக்காத படிகள்

நேற்று மாலை வேலையை நிறுத்தியபோது பன்னிரண்டு கற்படிகள்தான் இருந்தன. இன்று காலை பதினைந்து.

மழை அரித்துத் தின்ற மலைப்பாதையைச் சீர்செய்ய வந்திருந்த தன்னார்வலர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நமக்கு முன்னால் எவனோ வந்து வேலை பார்த்திருக்கிறான் என்று சிரித்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார்கள். அவர்களை வழிநடத்திய பொறியாளர் மட்டும் உச்சியில் புதிதாக இருந்த மூன்று படிகளைக் குனிந்து பார்த்தார். கல்லுக்குக் கல் இடுக்கில்லாமல், தண்ணீர் வழிந்தோட லேசாகச் சாய்த்து, பின்னால் சிறு கல்சில்லு கொடுத்து இறுக்கிய அந்த நேர்த்தி அவருக்குத் தெரிந்த ஒருவனுடையது. அவன் போன மழைக்காலத்தில் இதே சரிவில் மண்ணோடு போய்விட்டான்.

தபால்காரன் அவன். விடுமுறை நாளெல்லாம் இங்கேதான் படி கட்டிக்கொண்டு கிடப்பான். "சார், மண்ணு ஊறிப் போயிருக்கு. இன்னிக்கு வேண்டாம்" என்று அவன் சொன்னதையும், "பயந்தா வீட்டுலயே இருந்திருக்கணும்" என்று இவர் சொன்னதையும் கேட்க அன்று வேறு ஆளில்லை. தடுத்தும் கேட்காமல் அவனாகவே இறங்கினான் என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தார். உடல் கிடைக்கவில்லை.

"எங்கண்ணன் கை வேலை மாதிரியே இருக்கு சார்" என்றாள் அவன் தங்கை. நர்ஸ் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் கல் சுமக்க வந்திருந்தாள்.

"கல்லுன்னா எல்லாம் ஒரே மாதிரிதாம்மா இருக்கும்."

"சொன்ன பேச்சு கேக்காதவன்னு எழுதினீங்களே. அவன் யாரையும் எதிர்த்துப் பேசினதே இல்ல சார்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரைச் சுட்டது.

பிற்பகலில் மூடுபனி இறங்கியதும் எல்லோரையும் கீழே அனுப்பினார். அந்த மூன்று படிகளையும் பெயர்த்து எறிந்துவிட்டால்தான் இன்று தூக்கம் வரும் என்று தோன்றியது. கடப்பாரையோடு ஏறினார். உச்சிப் படியில் நின்று முனையைக் கல்லின் அடியில் நுழைத்தபோது புதிதாக வெட்டிய மண்ணின் வாசனை, அதனடியில் வெகுநாள் ஈரத்தில் கிடந்த காக்கித் துணியின் புளித்த நாற்றம், காதுக்கு மிக அருகில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் மூன்றும் ஒன்றாக வந்து அவரை மோதின. கடப்பாரையைப் போட்டுவிட்டுத் திரும்பி இறங்கினார்.

பனியில் தன் பாதமே தெரியவில்லை. எண்ணிக்கொண்டே இறங்கினார். பதினைந்துக்குப் பிறகு மண் வர வேண்டும்.

பதினாறாவது படி வந்தது.

இருபது. முப்பது. ஒன்றுகூட ஆடவில்லை. எல்லாம் லேசாகச் சாய்ந்திருந்தன.

மேலே கடப்பாரை கல்லில் உரசியது. ஒரு படி பெயர்ந்தது. அது எங்கேயும் விழுந்த சத்தம் வரவில்லை.

இன்னொன்று.

அவர் ஓடினார். பெயர்க்கும் சத்தம் முதுகுக்குப் பின்னாலேயே வந்தது.

"நான்தாம்ப்பா உன்னை இறக்கிவிட்டேன். எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்றார்.

சத்தம் நின்றது.

பனி விலகியது. பாதை வலப்பக்கம், எட்டாத தூரத்தில் கிடந்தது. முன்னால் படி இல்லை. பின்னாலும் இல்லை. கீழே பள்ளத்தாக்கு.

குனிந்து பார்த்தார். நின்றிருந்த கல்லைச் சேறு அப்பிய இரண்டு கைகள் அடியிலிருந்து தாங்கியிருந்தன. அவசரமே இல்லாமல், அவற்றின் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்துகொண்டிருந்தன.