பந்தியில் பார்த்துக்கொள்ளலாம்

லூர்துசாமி வாத்தியார் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே என் சமையல்கூடத்து வாசலில் வந்து நின்றுவிட்டார்.

"பிரம்மு, அவியல்ல கத்தரிக்காய் போட்டுராத. சாப்பிட்டா எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும்."

"வியாழக்கிழமை போகப்போறவருக்கு அரிப்பு என்ன சார் அரிப்பு?" என்றேன்.

"அப்போ செவ்வாயும் புதனும் நான் சொறிஞ்சுக்கிட்டே இருக்கவா?" என்று அவர் கேட்டதும் காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். கத்தரிக்காயை நீக்கிவிட்டுச் சேனையைக் கூட்டிக்கொண்டேன். திங்கட்கிழமை மதியம் அவருடைய விடைப்பந்தி. நூற்றிருபது இலை.

என் முழுப்பெயர் பிரம்மசக்தி. பாளையங்கோட்டையில் விடைப்பந்தி என்றால் என் பெயரைத்தான் சொல்வார்கள். பத்து வருடத்தில் நானூறு பந்தி நடத்தியிருக்கிறேன். பந்தல், சமையல், பரிமாறுவது எல்லாம் யாரும் செய்வார்கள். விடைச்சொல் எழுதுவதில்தான் நான் கெட்டிக்காரி. சாகப்போகிறவர் எல்லாரையும் எதிரே உட்கார வைத்து, மனதில் இருப்பதைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். இறப்புப் பதிவகத்து ஆள் அதை ஒலிப்பதிவு செய்துகொள்வார். முக்கால்வாசிப் பேருக்கு அந்த நேரத்தில் நாக்கு எழும்பாது. நான் எழுதிக் கொடுப்பேன், அவர்கள் வாசிப்பார்கள், கேட்கிறவர்கள் அழுவார்கள். பிறகு பாயசம் வரும்.

பதினெட்டு வயதில் எல்லாருக்கும் ஒரு ஸ்கேன். ரத்தம், இதயம், மூளை எல்லாவற்றையும் பார்த்து, இந்த உடம்பு எந்த நாளில் ஓயும் என்று இரண்டு நாள் முன்னே பின்னே சொல்லிவிடுவார்கள். அதற்கு நாட்குறி என்று பெயர். வண்டிகள் தாமே ஓடுகிற காலம், ஆகவே சாலையில் யாரும் சாவதில்லை. நெருப்புக்கும் மின்கம்பிக்கும் வெள்ளத்துக்கும் சென்சார் இருக்கிறது. எங்கள் ஊரில் கடைசியாக ஒருவர் குறித்த நாளுக்கு முன்பே இறந்துபோனது நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது. அதற்குப் பிறகு இல்லை.

அதனால் எல்லாரும் ரொம்ப நிதானமாகிவிட்டோம். அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கலா, மாமியார் மருமகள் பேச்சுவார்த்தை இல்லையா, "பந்தியில பாத்துக்கிடலாம்" என்போம். அதைச் சொல்லாத வாயே ஊரில் கிடையாது. என் வாயும் அதில் சேர்த்திதான். என் அப்பாவோடு நான் பேசிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். தம்பி சுடலைமணியின் கல்யாணத்துக்கு மறுவீட்டுச் சாப்பாடு நான்தான் சமைத்தேன். மறுவீடு என்றால் எங்கள் பக்கம் முருங்கைக்காய் போட்டுத் தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதி இல்லாமல் முடியாது. அப்பா ஒரு வாய் வைத்தார். சம்பந்தி வீட்டார் முன்னால், சபையில், "சொதி தண்ணியால்லா இருக்கு" என்றார். நானூறு பந்தி போட்டவளைப் பார்த்து! கரண்டியை அண்டாவிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். இரண்டு தெரு தள்ளித்தான் அந்த வீடு. வாசலைக்கூட மிதிக்கவில்லை. அப்பாவுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது, நாட்குறி எண்பத்தொன்றில். அவருடைய பந்தியில் கரண்டி நிற்கிற அளவுக்குக் கெட்டியாகச் சொதி வைத்து, "இப்போ சொல்லுங்க" என்று கேட்கவேண்டும் என்று கறுவிக்கொண்டிருந்தேன். அதற்கு இன்னும் இருபத்து மூன்று வருடம் இருந்தது.

வாத்தியார் கிளம்பிப் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, தம்பி மணி போனில் கூப்பிட்டான்.

"எக்கா, அப்பா விழுந்துட்டாவ."

"எங்க விழுந்தாவ?"

"முருங்கை மரத்துல இருந்து. எக்கா, பேச்சு மூச்சு இல்ல."

"போலே கிறுக்கா. அப்பா நாளு எண்பத்தொண்ணுல்லா? நல்லா எழுப்பிப் பாரு" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். மனதில் ஒரு துளிப் பதற்றம் இல்லை. கையைக் கழுவி, துடைத்து, அவியலுக்கு எவ்வளவு தேங்காய் என்று சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன்.

போய்ப் பார்த்தபோது துவைக்கிற கல்லின் பக்கத்தில் கிடந்தார். முருங்கைக் கிளை பட்டென்று ஒடியும் என்று யாருக்குத்தான் தெரியாது? நாட்குறிக்கு முந்திய காலத்து மனிதர் என்றால் தரையில் நின்று தொரட்டியால் பறித்திருப்பார். இவர் எண்பத்தொரு வயதுவரை தனக்கு ஒன்றும் ஆகாது என்ற தைரியத்தில் ஏறியிருக்கிறார். உடம்பை அங்குலம் அங்குலமாகப் பார்க்கிற ஸ்கேன் முருங்கை மரத்தைப் பார்க்கவில்லை. இடுப்புத் துண்டில் பதினோரு காய் கட்டியிருந்தது, ஒன்றுகூட முறியவில்லை. நான் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு, "எந்திரிங்க, எந்திரிங்கப்பா" என்று கத்தினேன். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இருபத்து மூன்று வருடத்தை ஒரே நொடியில் தூக்கிப் போட்டுவிட்டாரே என்ற கோபம்.

எங்களுக்கு இந்தச் சாவு தெரியாது. எங்கள் சாவு பந்தியிலேயே முடிந்துவிடும். அழுவது, மன்னிப்பது, பிடித்த புடவையை யாருக்குக் கொடுப்பது என்பதெல்லாம் ஆன பிறகு, அந்த நாள் வந்தால் நாலு பேர் அமைதியாகத் தூக்கிப் போவார்கள். இங்கே ஒன்றுமே நடக்காமல் ஒரு மனிதர் கூடத்தில் படுத்திருந்தார். பக்கத்து வீட்டுப் பாக்கியத்தாய் அத்தை உள்ளே வந்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"என்ன கோமதி, பந்தி எப்போ முடிஞ்சுது? எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலையே" என்றாள் அம்மாவிடம். அவள் முகத்தில் நிஜமான மனக்குறை இருந்தது.

அப்பா விழுந்ததிலிருந்து அம்மா வாயே திறக்கவில்லை. "பந்தி நடக்கல அத்த. அப்பா சும்மா செத்துட்டாவ" என்றேன். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பதிவகத்துக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது; மறுநாள் காலை அம்மாவும் மணியும் நானும் அங்கே போனோம். அங்கே இருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். திரையில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

"விடைச்சொல் பதிவு எங்க மேடம்?"

"இல்ல. திடீர்னு போயிட்டாவ."

"அது காலியா இருந்தா தகனத்துக்கு அனுமதி வராதே." அவள் இரண்டு முறை அழுத்திப் பார்த்தாள். திரை இரண்டு முறையும் சிவந்தது. "எனக்கு இப்பிடி ஒரு கேஸ் வந்ததே இல்ல மேடம். ஆனா ஒரு வழி இருக்கு. குரல்வார்ப்பு. அப்பா பேசுன பழைய பதிவெல்லாம் இருக்கும்லா, அதை வச்சு, பந்தி நடந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்கன்னு மெஷினே சொல்லிரும். சட்டப்படி செல்லும்."

மணி என் கையைப் பிடித்துக்கொண்டான். "போடச் சொல்லுக்கா. அம்மா மொகத்தைப் பாரு. அப்பா ஒரு வார்த்த சொன்னா அம்மா தேறிருவா."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் வேண்டியிருந்தது. அவர் குரலில் என் பெயர் ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருந்தது. தலையாட்டினேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சுவரிலிருந்து அப்பா பேசினார். அதே கரகரப்பு, பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமுகிற அதே செருமல். "கோமதி, ஒன்னால நான் நல்லா வாழ்ந்தேன். மணி, குடும்பத்தைப் பாத்துக்கோ. பிரம்மு, ஒன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. என் மனசுல ஒரு முள்ளும் இல்ல. எல்லாரும் வயிறார சாப்பிட்டுட்டுப் போங்க."

மணி கேவி அழுதான். அந்தப் பெண்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் உச்சந்தலையில் யாரோ குட்டியதுபோல் இருந்தது.

'என் மனசுல ஒரு முள்ளும் இல்ல.' அது என் வரி. எட்டு வருடத்துக்கு முன் ஒரு மில் முதலாளிக்காக எழுதியது. எல்லாரும் அழுதார்கள் என்பதால் அடுத்தவருக்கும் எழுதினேன், அதற்கடுத்தவருக்கும். கடைசி வரியும் என்னுடையதுதான், பாயசத்துக்கு முன்னால் போடுவது. இந்த ஊர் மனிதர் சாகும்போது எப்படிப் பேசுவார் என்று மெஷின் படித்ததெல்லாம் பதிவகத்து ஒலிப்பதிவுகளில். அதில் முந்நூறு என்னுடைய எழுத்து. என் சரக்கையே அப்பா வாயில் திணித்து என்னிடம் திருப்பித் தருகிறது. அப்பா என்னைப் பிரம்மு என்று கூப்பிட்டதே கிடையாது. கழுத என்பார், சந்தோஷமாக இருந்தால் ஏ கழுத என்பார்.

"வேண்டாம். இதைப் போடாதீங்க" என்றேன்.

"எக்கா!" என்று மணி கத்தினான். "ஒன்ன மன்னிச்சிட்டேன்னு சொல்லுதாவ, அது ஒனக்கு வேண்டாமா?"

"அவுக சொல்லல, நான் சொல்லுதேன். அது நான் எழுதுனது மணி. என்னை நானே மன்னிச்சுக்கிடுததுக்கு அப்பா எதுக்கு?"

"அப்போ அவுகளை எப்பிடி எரிக்க? காலியா விட்டா விட மாட்டாங்களே?"

அப்போதுதான் அம்மா பேசினாள்.

"தொரட்டி எங்கன்னு கேட்டாவ."

மூன்று பேரும் திரும்பினோம்.

"'கோமதி, தொரட்டி எங்க?' அதான் கடைசியா கேட்டது. நான் நாடகம் பாத்துக்கிட்டு இருந்தேன். தெரியாது, தேடிப்பாருங்கன்னேன். என் முதுகுக்குப் பின்னால, கதவு இடுக்குலதான் இருந்துச்சு. எந்திரிச்சு எடுத்துக் குடுக்கச் சோம்பேறித்தனம். கொடுத்திருந்தா ஏறியிருக்க மாட்டாவ." அம்மா அழவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "முருங்கைக்காயே ஒனக்குத்தான்ட்டி. 'பந்தி வரைக்கும் என்னால பொறுக்க முடியாது. தண்ணியா இருந்தாலும் எனக்கு அவ வைக்கிற சொதிதான் வேணும், காயைக் கொண்டுபோயி அவ நடையில போட்டுட்டு வாரேன்'னு சொல்லிக்கிட்டே போனாவ."

நான் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். எத்தனையோ பேர் அழுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பாயசம் ஆறுகிறதே என்று மனதுக்குள் சலித்துக்கொண்டுகூட இருக்கிறேன். அன்றைக்கு அந்த அலுவலகத்தில் நான் அழுத அழுகைக்கு ஒரு ஒழுங்கும் இல்லை. மூக்கு ஒழுகியது, விக்கியது, மணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுதிக்கோங்க" என்றேன் அந்தப் பெண்ணிடம். "கோமதி, தொரட்டி எங்க?"

"இது... இது விடைச்சொல்லா மேடம்?"

"அவுக கடைசியா கேட்டது இதுதான். மத்தது எனக்குச் சொன்னது, அது என்கிட்ட இருக்கட்டும். கேட்டவ சாட்சிக்கு நிக்கா. போடுங்க."

அவள் விசைப்பலகையில் தட்டினாள். திரை பச்சையாகியது.

தகனம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது பிற்பகல் மூன்று மணி. பாக்கியத்தாய் அத்தை வாசலிலேயே இருந்தாள். இன்னும் அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, ஆனால் வீட்டைக் கூட்டி, தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

எடுத்து வைத்திருந்த அப்பாவின் துண்டை அவிழ்த்துப் பதினோரு காயையும் நறுக்கினேன். பாசிப்பருப்பை வேகவைத்தேன். சமையல்கூடத்தில் என்றால் தேங்காய்ப்பால் மெஷினில் வரும், குழாயைத் திறந்தால் கெட்டியான முதல் பாலும் நீர்த்த அடுத்த இரண்டு பாலும் கலந்தே விழும். இங்கே மெஷின் இல்லை. கையால் துருவி, பிழிந்து, என் கைப் பழக்கத்துக்கு விட்டேன். இஞ்சிச் சாறும் எலுமிச்சையும் சேர்த்து இறக்கியபோது வாசனை வாசல்வரை போனது. அத்தையையும் மணியின் மனைவியையும் கூப்பிட்டு, ஐந்து இலை போட்டேன்.

அம்மா சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்றாள். இன்னொரு வாய் வைத்தாள்.

"தண்ணியாத்தான்ட்டி இருக்கு" என்றாள்.

மணி கையை இலையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பயத்தோடு பார்த்தான்.

"அன்னைக்கும் தண்ணியாத்தான் இருந்துச்சு. அவுக சொன்னது சரிதான். நீ சங்கடப்படுவன்னு நான் வாயைத் தொறக்கல. என் பந்தியில சொல்லிக்கிடலாம்னு வச்சிருந்தேன்."

அம்மாவின் பந்திக்கு இன்னும் பதினாறு வருடம் இருக்கிறது. நான் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். பருப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் நின்றது. பதினான்கு மாதம்! எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது. எதையும் துடைக்காமல் அம்மாவின் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"எம்மா, முதல் பால் எவ்வளவு விடணும்? இப்பவே சொல்லு" என்றேன்.